வீங்கிய விரல்கள்: செவிலியர் எலிசபெத் அனியோன்வுவின் பணிவாழ்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறேழு மாதக் குழந்தை. நேற்று வரை கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்த கை இன்று வீங்கிக் கிடக்கிறது. விரல்கள் உப்பிப் பளபளக்கின்றன, தொட்டால் வீறிட்டு அழுகிறது. கால் விரல்களும் அப்படியே. அடிபடவில்லை, பூச்சி எதுவும் கடிக்கவில்லை. சில நாட்களில் வீக்கம் தானாக வடிந்துவிடும், வீட்டாரும் அதை மறந்துவிடுவார்கள்.

அரிவாள் செல் நோய் பல குழந்தைகளிடம் முதன்முதலாகத் தலைகாட்டுவது இப்படித்தான். கருவில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். பிறந்து சில மாதங்கள் வரை அதுவே குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அது குறைந்து பெரியவர்களுக்குரிய ஹீமோகுளோபின் கூடக் கூடத்தான் நோய் வெளியே வரும்.

1970-களின் தொடக்கத்தில் லண்டனில் இப்படியொரு குழந்தையின் தாய் தன் வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டரிடம் என்ன கேட்டிருப்பார்? இது என்ன நோய், ஏன் வந்தது, அடுத்த பிள்ளைக்கும் வருமா என்றுதான் கேட்டிருப்பார். ஹெல்த் விசிட்டர் என்பது நம்மூர் கிராம சுகாதார செவிலியர் போன்ற வேலை. வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்க வேண்டும். அப்படி வேலை பார்த்தவர்களில் ஒருவர்தான் எலிசபெத். முறையாகப் படித்துத் தேறிய நர்ஸ், தந்தை வழியில் நைஜீரியர். அந்த நோயைப் பற்றி அப்போது தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் பின்னாளில் அவரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். அவர் படித்த பாடத்தில் அது இல்லை. ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்களை அதிகம் தாக்கும் ஒரு நோயை, அந்த வம்சாவளியைச் சேர்ந்த ஒரு நர்ஸே கேள்விப்படாமல் படிப்பை முடித்துத் தேற முடிந்திருக்கிறது.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுதான். சாதனைப் பெண்கள் வரிசையில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது என் நோக்கமில்லை. கண்முன்னே இருக்கும் நோயை ஒரு பொதுச் சுகாதார அமைப்பு எப்படிப் பார்க்காமல் இருந்தது, அதைப் பார்க்கவைக்க என்னென்ன தேவைப்பட்டது என்பதை ஒரே ஆளின் பணிவாழ்வை வைத்து இவ்வளவு தெளிவாகக் காட்டக்கூடிய கதை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த ஓர் இளைஞரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்திருந்ததைப் பதிவு செய்தார். மருத்துவ இதழில் இந்த நோய் ஏறியது அப்போதுதான். மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு அதற்கு வெகு காலம் முன்பே தெரியும், அவரவர் மொழியில் பெயரும் உண்டு. 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். சில ஆண்டுகளில் வெர்னான் இங்க்ராம் அதை இன்னும் நுணுக்கிச் சொன்னார்: ஹீமோகுளோபின் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகளால் ஆனது; அதில் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சின்ன வித்தியாசத்தால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல விறைத்துவிடும். சிவப்பணு வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அதற்கு அப்பால் உள்ள எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாது. அந்த வலியை அனுபவித்தவர்கள் பிரசவ வலியோடும் எலும்பு முறிவோடும் ஒப்பிடுகிறார்கள். குளிர் போதும், தண்ணீர் சரியாகக் குடிக்காமல் விட்டால் போதும், சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் போதும், வலி தொடங்கிவிடும். சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும் என்றால் இது பத்து இருபது நாளில் உடைந்துபோகும், அதனால் ரத்தசோகை. மண்ணீரல் சிறு வயதிலேயே பழுதாகிவிடுவதால் நிமோனியாக் கிருமி புகுந்தால் குழந்தை ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கேரியர், நோயாளி இல்லை. கேரியராக இருப்பது மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் தருகிறது என்று 1954-இல் ஆண்டனி அலிசன் காட்டினார். மலேரியா மண்டியிருந்த நாடுகளில் இந்த மரபணு நிலைத்து நின்றதன் காரணம் அது. நோய் ஊரைப் பார்த்து வந்தது, தோலின் நிறத்தைப் பார்த்து வரவில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

பர்மிங்காம், கான்வென்ட், லண்டன்

எலிசபெத் 1947 ஜூலை 2-ஆம் தேதி பர்மிங்காமில் பிறந்தார். தாய் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் செவ்வியல் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர். தந்தை லாரன்ஸ் அனியோன்வு, நைஜீரியாவிலிருந்து வந்து அதே கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். கல்யாணம் ஆகவில்லை. அன்றைய கத்தோலிக்கக் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய பழி என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாய் படிப்பை விட்டார். குழந்தை கத்தோலிக்க விடுதியில் கன்னியாஸ்திரீகளின் பராமரிப்பில் ஒன்பது வயது வரை வளர்ந்தது. பிறகு தாயோடு இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் இருந்தார். குடித்துவிட்டு அடிக்கும் மாற்றாந்தகப்பனால் அதுவும் முடிந்து, தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனார்.

அந்த விடுதியில் நடந்த ஒரு விஷயத்தை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் அவருக்குக் கடுமையான எக்ஸிமா. கட்டுப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். அங்கே நர்ஸாக இருந்த ஒரு கன்னியாஸ்திரீ, கட்டை அவிழ்க்கும் நேரம் பார்த்துக் குழந்தை சிரிக்கும்படி ஏதாவது சொல்வாராம். பின்பக்கத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஒன்று அவர் வாயிலிருந்து வரும். கன்னியாஸ்திரீ வாயில் அந்தச் சொல்லா என்று குழந்தை விழுந்து விழுந்து சிரித்து முடிப்பதற்குள் கட்டு கையோடு வந்திருக்கும். நர்ஸ் ஆக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது என்கிறார், நான்கு வயதில். வலியைக் குறைக்கும் வழி மருந்தில் மட்டும் இல்லை என்பதை அந்த வயதில் தன் தோலிலேயே கற்றுக்கொண்டவர் என்று நான் இதைப் படிக்கிறேன்.

16 வயதில் வுல்வர்ஹாம்ப்டனில் பள்ளி நர்ஸுக்கு உதவியாளர் வேலை. பிறகு லண்டன் பேடிங்டன் பொது மருத்துவமனையில் நர்சிங் பயிற்சி. 1968-இல் பதிவு பெற்ற நர்ஸ் ஆனார். அதே ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதிதான், அவர் பிறந்த பர்மிங்காமில், வுல்வர்ஹாம்ப்டன் தொகுதி எம்.பி. ஈனாக் பவல், குடியேறிகளுக்கு எதிரான அந்தப் பேர்பெற்ற உரையை நிகழ்த்தினார். பவல் அதற்கு முன் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். அந்த நாட்டின் தேசிய சுகாதார சேவையில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த பெண்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலரை மூன்றாண்டுப் பதிவு நர்ஸ் படிப்புக்கு விடாமல், பதவி உயர்வுக்கு வழியில்லாத இரண்டாண்டுப் படிப்புக்குத் தள்ளிவிடுவது அன்றைய வழக்கம். இரண்டும் நர்ஸ் வேலைதானே என்று சொல்லியே சேர்த்துவிடுவார்கள். வித்தியாசம் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

தந்தையை அவர் முதன்முதலாகப் பார்த்தது 1972-இல், 25 வயதை நெருங்கும்போது. இத்தாலிக்கு நைஜீரியத் தூதராக இருந்து ஓய்வு பெற்ற அவர் அப்போது லண்டனிலேயே இருந்தார். எட்டே ஆண்டுப் பழக்கம், 1980-இல் அவர் காலமானார். அதற்குள் மகள் நைஜீரியா போய் உறவுகளைப் பார்த்து, தாய்வழிக் குடும்பப் பெயரான ஃபர்லாங்கை விட்டு அனியோன்வு ஆகிவிட்டார். இதையெல்லாம் சொந்தக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தன் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் லண்டனில் கறுப்பின உரிமைக் குரல்கள் எழுந்துகொண்டிருந்தன. அரிவாள் செல் நோய் பற்றிய பேச்சும் முதலில் அந்தக் கூட்டங்கள் வழியாகத்தான் வந்தது, மருத்துவக் கல்லூரி வழியாக வரவில்லை.

கணக்கில் வராத குழந்தைகள்

பிரிட்டனில் 1969 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற நோய்க்குச் சோதிக்கிறார்கள். சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய் அது. கண்டுபிடித்து உணவை மாற்றிவிட்டால் மூளை தப்பிவிடும், அருமையான திட்டம்.

அரிவாள் செல் நோய் இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,000 பிறப்புக்கு ஒன்று. ஐந்து மடங்கு அதிகம். சோதிக்கத் தேவையான ரத்தம் அதே குதிகாலில், அதே அட்டையில் வந்து நிற்கிறது. ஆனால் பல ஆண்டுகள் அதற்குச் சோதனை இல்லை.

நாடு முழுக்க ஒரு குழந்தையும் விடாமல் சொட்டு ரத்தம் எடுத்தார்கள், ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், ஒரு நோயைத் தேடினார்கள். அதைவிட அடிக்கடி வரும் நோயைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. யாரும் உட்கார்ந்து சதி செய்ததாக நான் நினைக்கவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வரக்கூடிய நோய் எது என்று யோசிக்கிறவர்களின் மேசையில்தான் பட்டியல் தயாராகிறது, மற்ற வீட்டு நோய் அந்தப் பட்டியலில் ஏறாது. நிறப் பாகுபாடு என்றால் முகத்துக்கு நேரே வைவது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அனியோன்வு பல ஆண்டுகள் கையில் எடுத்துச் சுற்றிய வாதமும் இதுதான். கோபத்தோடு பேசினாலும் எண்ணை வைத்துப் பேசினார்.

ப்ரெண்ட், 1979

வடமேற்கு லண்டனில் உள்ள ப்ரெண்ட் பகுதி கரீபியர், ஆப்பிரிக்கர், ஐரிஷ்காரர், குஜராத்திகள் எனப் பலரும் கலந்து வாழும் இடம். அங்கே ஹெல்த் விசிட்டராகவும் சமுதாய நர்சிங் பயிற்றுநராகவும் இருந்த அனியோன்வு, தனக்குத் தெரியாததைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார். அரிவாள் செல் ஆலோசனைக்கான படிப்பு பிரிட்டனில் எங்குமே இல்லை. அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்தார். சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் ரத்தவியல் மருத்துவர் மிலிட்சா ப்ரோசோவிச்சோடு சேர்ந்து, 1979-இல் நாட்டின் முதல் அரிவாள் செல் மற்றும் தலசீமியா பரிசோதனை, ஆலோசனை மையத்தைத் தொடங்கினார். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத இன்னொரு பரம்பரை ரத்த நோய். நாட்டின் முதல் அரிவாள் செல் ஆலோசனைச் செவிலியர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ப்ரோசோவிச்சும் வெளிநாட்டிலிருந்து, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர் என்பதைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லி வைக்கிறேன்.

மையம் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். அங்கே நடந்த வேலையின் உயிர்நாடி ஒரு மேசை, இரண்டு மூன்று நாற்காலி, ஒரு தாள், ஒரு பேனா. வருகிறவர்கள் கையில் ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கும், அதில் ஏஎஸ் (கேரியர்) என்றோ எஸ்எஸ் (நோயாளி) என்றோ எழுதியிருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய பேச்சாக மாற்றுவதுதான் ஆலோசனைச் செவிலியரின் வேலை.

இப்படி யோசித்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் கேரியர்கள். ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கேட்டதும் பலரும் புரிந்துகொள்வது என்ன? "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை." இது தவறு. ஒவ்வொரு கருவுக்கும் சீட்டைப் புதிதாகக் குலுக்கிப் போட வேண்டும், முதலில் விழுந்த சீட்டை வெளியே வைத்துவிடுவது இல்லை. நான்கும் நோயோடு பிறக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் பிறக்கலாம். மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது புரிந்தது என்று தலையாட்டுவார்கள். திரும்பச் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் மூன்று பிள்ளைக்குப் பயமில்லை கணக்குக்கே போய்விடுவார்கள். சோறு தண்ணி இல்லாமல் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலையும் பெற்றோரின் நிலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இதோடு குற்ற உணர்வு. யார் வழியில் வந்தது என்ற மாமியார் கேள்வி எந்த நாட்டிலும் உண்டு. இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தால்தான் நோய், ஒருவர்மேல் மட்டும் பழி போட முடியாது என்று பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும். பிறகு முடிவு. கருவில் சோதிக்கலாமா, வேண்டாமா? ஆலோசகர் தகவலைச் சொல்வார், முடிவு குடும்பத்தினுடையது. ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொல்வது இந்தத் தொழிலில் தவறு. மருத்துவமனையில் கட்டளை போட்டே பழகிய நர்ஸுக்கு இதைக் கற்றுக்கொள்வது சாதாரணக் காரியமில்லை.

ப்ரெண்டைப் பார்த்து நாடு முழுக்க 30-க்கு மேற்பட்ட மையங்கள் வந்தன. 1979-லேயே அரிவாள் செல் சங்கமும் தொடங்கப்பட்டது, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ப்ரெண்டில் நடந்த சுகாதாரக் கல்வி, சமூக வேலை இரண்டையுமே ஆய்வுப் பொருளாக்கி 1988-இல் முனைவர் பட்டம் பெற்றார். தன் அன்றாட வேலையே ஆய்வேடாக முடிந்தது செவிலியர் உலகில் இன்றும் அரிதுதான்.

அமெரிக்கா கற்றுக்கொடுத்த எச்சரிக்கை

அவர் படிக்கப் போன அமெரிக்கா இந்த விஷயத்தில் நல்லது கெட்டது இரண்டையும் முன்பே பார்த்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் தெருவோரத்திலும் பூங்காவிலும் இலவச அரிவாள் செல் பரிசோதனை நடத்தினார்கள். அரசு விட்டதை நாங்கள் செய்கிறோம் என்று காட்டுவது அவர்கள் நோக்கம். 1972-இல் அதிபர் நிக்சன் அரிவாள் செல் ரத்தசோகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பணம் வந்தது. கூடவே குழப்பமும் வந்தது. சில மாநிலங்கள் பரிசோதனையைக் கட்டாயம் ஆக்கின. சட்டம் எழுதியவர்களுக்கே கேரியருக்கும் நோயாளிக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒரு குறையும் இல்லாத கேரியர்கள் வேலையையும் காப்பீட்டையும் இழந்தார்கள். அமெரிக்க விமானப்படைக் கழகம் கேரியர்களைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தது, அந்தத் தடை 1981-இல்தான் நீங்கியது.

பரிசோதனையை மட்டும் கொடுத்துவிட்டு ஆலோசனையைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ப்ரெண்ட் மையத்தின் பெயரிலேயே பரிசோதனையும் ஆலோசனையும் ஒட்டி வந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

யாருடைய நோய்?

இந்த நோயைக் கறுப்பர்களின் நோய் என்று சொல்வது இன்றும் வழக்கம். ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினரிடையே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கிரேக்கத்திலும் சிசிலியிலும் துருக்கியிலும் சவூதியிலும் இது உண்டு. நமக்குப் பக்கத்திலும் உண்டு. 1952-இல் ஹெர்மன் லெமனும் மேரி கட்புஷ்ஷும், நீலகிரிப் பழங்குடிகளிடையே இந்த மரபணு இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். இருளர், பணியர், குறும்பர் போன்ற நீலகிரி மக்களில் பலர் இன்றும் இதைச் சுமக்கிறார்கள். கூடலூரில் பழங்குடியினருக்கான மருத்துவமனை இதற்கென்றே பல ஆண்டுகளாகத் தனித் திட்டம் நடத்திவருகிறது.

ஆக, கறுப்பர் நோய் என்ற முத்திரை இரண்டு பக்கமும் கெடுதல் செய்தது. பிரிட்டனில் அது சிறுபான்மையினரின் பிரச்சினை என்று ஓரம்கட்டப்பட்டது. மற்ற இடங்களில் நம்மவர்க்கு வராது என்ற பொய் நம்பிக்கையைக் கொடுத்தது. தலசீமியாவையும் சேர்த்தே ப்ரெண்ட் மையம் தொடங்கப்பட்டதால் சைப்ரஸ், இந்திய, பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்களுக்கும் அங்கே இடம் இருந்தது. 2001-இல் கார்ல் அட்கினோடு சேர்ந்து அனியோன்வு எழுதிய நூல் இவ்விரு நோய்களின் அரசியலைப் பற்றியது.

27 ஆண்டு

1986-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. அரிவாள் செல் நோயுள்ள சிறு குழந்தைகளுக்கு வாய்வழி பெனிசிலின் தினமும் கொடுத்தால் நிமோனியாக் கிருமித் தொற்று 84 சதவீதம் குறைகிறது. பெனிசிலின்! கடையில் கிடைக்கும் மலிவான பழைய மருந்து. ஆனால் அதைச் சரியான நேரத்தில் கொடுக்க வேண்டுமானால் பிறந்த சில வாரங்களிலேயே குழந்தைக்கு நோய் இருப்பது தெரிய வேண்டும், முதல் மூன்று மாதத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். விரல் வீங்கும் வரை காத்திருக்க முடியாது.

அதற்குப் பிறகும் இங்கிலாந்து முழுமைக்கும் திட்டம் வர வெகு காலம் ஆனது. 2000-இல் வெளியான தேசிய சுகாதாரத் திட்ட அறிக்கையில்தான், கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் இணைத்து அரிவாள் செல், தலசீமியா பரிசோதனை தருவோம் என்று அரசு உறுதி கொடுத்தது. 2006-க்குள் இங்கிலாந்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் அது போய்ச் சேர்ந்தது. இப்படித் தாய்க்கும் சேய்க்கும் இணைத்து நாடு தழுவிச் செய்த திட்டம் உலகில் அதுவே முதல். ப்ரெண்டில் மேசை போட்ட நாளிலிருந்து 27 ஆண்டு. பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது, ஒருவர் தலையில் கிரீடம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 27 ஆண்டும் விடாமல் அதே கேள்வியைக் கேட்டவர்களில் அனியோன்வு முன்வரிசை.

இடையில் 1990 முதல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் குழந்தை நலக் கழகத்தில் சமுதாய மரபணு ஆலோசனை கற்பித்தார். 1997-இல் தேம்ஸ் வேலி பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியர், புல முதல்வர். 2007-இல் ஓய்வு.

சீக்கோல் அம்மையாருக்கு ஒரு சிலை

தேம்ஸ் வேலியில் அவர் 1998-இல் தொடங்கிய நர்சிங் மையத்துக்கு மேரி சீக்கோல் பெயரை வைத்தார். 1805-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த சீக்கோல், கிரிமியப் போர்க் காலத்தில் நர்ஸாகச் சேர விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். சரி என்று தன் செலவில் கப்பலேறிப் போய் பாலக்லாவாவுக்கு அருகே விடுதி நடத்தி வீரர்களைக் கவனித்தார். ஊரெல்லாம் நைட்டிங்கேல் புகழ், இவரைப் பெரும்பாலோர் மறந்துபோனார்கள்.

அவருக்குச் சிலை வைக்கப் பன்னிரண்டு ஆண்டு பணம் திரட்டினார்கள். அனியோன்வு அந்தக் குழுவின் துணைத் தலைவர். எதிர்ப்பும் வந்தது. தேர்ந்தெடுத்த இடம் செயின்ட் தாமஸ் மருத்துவமனைத் தோட்டம், அதாவது நைட்டிங்கேல் தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவமனை. அங்கே இவருக்கா சிலை என்று நைட்டிங்கேல் அன்பர்கள் முறையிட்டார்கள். 2016 ஜூன் 30-ஆம் தேதி மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடித்த வெண்கலச் சிலை அங்கேயே திறக்கப்பட்டது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாடாளுமன்றம். பெயர் சொல்லி ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு பிரிட்டனில் எழுந்த முதல் சிலை அது.

சிலைகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனாலும் இந்தச் சிலை விவகாரம் குதிகால் ரத்தக் கணக்கின் மறுபக்கம் என்று தோன்றுகிறது. நர்சிங் பாடப்புத்தகத்தில் யாருடைய நோய் இல்லை என்று கேட்ட அதே பெண், யாருடைய பெயர் இல்லை என்றும் கேட்டிருக்கிறார்.

விருதுகள் பின்னாலேயே வந்தன. 2017-இல் டேம் பட்டம் (ஆண்களுக்குத் தரும் சர் பட்டத்துக்கு இணையானது), 2022-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயரிய அரச விருது. 2023 மே 6-ஆம் தேதி மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவில் அரசின் பொற்கோளத்தை ஏந்திச் சென்றவர் அவர்தான். பேரரசுப் பட்டங்களை ஏற்கலாமா என்று கறுப்பின எழுத்தாளர்களிடையே பழைய விவாதம் ஒன்று உண்டு. அவர் ஏற்றுக்கொண்டார். அதை இங்கே தீர்த்து வைக்க நான் முயலவில்லை.

தீராத வலி

பரிசோதனை வந்துவிட்டது, குழந்தைகள் பிழைக்கிறார்கள். வளர்ந்த பிறகு? வலி வந்து அவசரப் பிரிவுக்குப் போகும் நோயாளிக்கு அரை மணி நேரத்துக்குள் வலி மருந்து தர வேண்டும் என்று 2012-இல் வழிகாட்டு நெறி வந்தது. வலிக்கு வெளியே தெரியும் அடையாளம் கிடையாது, எக்ஸ்ரேயில் முறிவு தெரியாது. எந்த மருந்து, எவ்வளவு என்று நோயாளிக்கே தெரிந்திருக்கும், ஏனென்றால் இது அவருக்குப் பத்தாவது, இருபதாவது தடவை. அப்படித் தெரிந்து கேட்பதே அவருக்கு எதிராகப் போய்விடுகிறது. மார்ஃபின் பெயரைச் சொல்லிக் கேட்கும் கறுப்பின இளைஞனைப் போதைக்கு அலைபவன் என்று சந்தேகிக்கும் பழக்கம் அங்கே பல காலமாக உண்டு.

2019-இல் வட லண்டன் மருத்துவமனை ஒன்றில் அனுமதிக்கப்பட்டிருந்த 21 வயது இளைஞர், ஆக்சிஜன் கேட்டும் கிடைக்காமல், படுக்கையிலிருந்தே அவசர எண் 999-ஐ அழைத்தார். பிறகு இறந்துபோனார். மருத்துவமனைக்குள் இருப்பவர் ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்திருக்கிறார். அந்த மரணத்தைத் தொடர்ந்து நடந்த விசாரணையை வைத்து, 2021 நவம்பரில் அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு அறிக்கை வெளியிட்டது. யாரும் காது கொடுப்பதில்லை என்பதே அதன் தலைப்பு. தரக்குறைவான கவனிப்பு, போதாத பயிற்சி, நிறப் பாகுபாடு மூன்றையும் அது பெயர் சொல்லியே எழுதியது. நர்சிங், மருத்துவப் பாடத்தில் அரிவாள் செல் பற்றிப் போதுமான பாடம் இல்லை என்பதும் அதில் இருக்கிறது. அனியோன்வு பயிற்சி முடித்து 53 ஆண்டு கழித்து.

2023 நவம்பரில் இந்த நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு உலகிலேயே முதலில் அனுமதி கொடுத்ததும் அதே பிரிட்டன்தான். மரபணுவையே திருத்தும் நாட்டில் அரை மணிக்குள் வலி மருந்து கிடைப்பது இன்னும் நிச்சயமில்லை.

அப்புறம் நம் ஊர். 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு, 2047-க்குள் ஒழிப்பது நோக்கம். சோதித்தவர்களுக்கு மரபணு நிலையைக் குறிக்கும் அட்டை கொடுக்கிறார்கள். ரத்தம் எடுக்க ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது, அட்டை அச்சடிக்க அச்சகம் இருக்கிறது. ப்ரெண்டில் இருந்ததுபோல மேசையும் பேனாவும், எதிரே உட்கார நேரமுள்ள ஒரு செவிலியரும் எத்தனை பழங்குடிக் கிராமத்தில் இருக்கிறார்கள் என்பதைத்தான் இனி எண்ண வேண்டும். இல்லாத ஊரில் கிராம சுகாதார செவிலியர் அடுத்த தடவை படியேறும்போது, ஒரு தாய் அந்த அட்டையை நீட்டிக் கேட்பார்: "இதுல என்னமோ போட்டிருக்கே அம்மா, என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?"